கீசர் பராமரிப்பு: வாங்க வேண்டிய கருவிகள், மெக்கானிக்கிடமே விட வேண்டிய கருவிகள்

மார்கழி நெருங்கும்போது ஹார்டுவேர் கடையில் பலரும் கேட்கும் கேள்வி இது: "வீட்டு கீசரை நாமே பார்த்துக்கொள்ள என்னென்ன வாங்க வேண்டும்?" பெரும்பாலும் கிடைக்கும் பதில் ஒரு டெஸ்டர், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், உப்பு நீக்கும் பவுடர் ஒரு பாக்கெட். இந்த மூன்றில் முதலாவது போதாது. இரண்டாவது பாதி வேலைக்குத்தான் உதவும். மூன்றாவதைத் தவறாகக் கையாண்டால் கீசரின் ஆயுளே குறையும்.

முதலில் அளக்கும் கருவிகளுக்குச் செலவழியுங்கள் என்பதே என் பரிந்துரை. திறக்கும் கருவிகளைத் தேவை உறுதியான பிறகு வாங்கலாம். அமிலமும் பவுடரும் கடைசியில் வரட்டும்.

இங்கே நான் எழுதுவது நம் வீடுகளில் சுவரில் மாட்டியிருக்கும் 10, 15, 25 லிட்டர் மின்சார கீசர்களைப் பற்றி மட்டுமே. கேஸ் கீசரில் வரும் ஆபத்து வேறு வகை. எரிப்பு சரியாக நடக்காவிட்டால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு மூடிய குளியலறையில் சேரும். அதற்கு வீட்டுக் கருவி என்று எதையும் பரிந்துரைக்க நான் தயாராக இல்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

எந்தக் கருவியையும் எடைபோட ஐந்து அளவுகோல்களை வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது உயிர்ப் பாதுகாப்பு. ஈரத் தரை, உலோகக் குழாய், 230 வோல்ட் மூன்றும் ஒரே அறையில் இருக்கின்றன. கருவி பொய்யான தைரியம் தருமானால், அது இல்லாமல் இருப்பதே மேல்.

இரண்டாவது உங்கள் வீட்டுத் தண்ணீர். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்கும், அதே ஊரில் போர்வெல்லை நம்பியிருக்கும் வீட்டுக்கும் ஒரே பராமரிப்பு பொருந்தாது. ஒருவர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை திறந்து பார்த்தால் போதும். மற்றவர் ஆண்டுதோறும் திறக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது, அந்தக் கருவி எத்தனை முறை கைக்கு வரும், கீசரைத் தவிர வேறு எதற்கும் பயன்படுமா என்பது. நான்காவது உத்தரவாதம். பல நிறுவனங்கள் உத்தரவாதக் காலத்தில் தங்கள் சர்வீஸ் ஆட்கள் அல்லாதவர் திறந்தால் பொறுப்பேற்பதில்லை. தொட்டிக்குத் தனியாக, தண்ணீரைச் சூடாக்கும் காயிலுக்குத் தனியாக என்று காலக்கெடு வேறுபடும் என்பதால் அட்டையை எடுத்துப் படித்துவிடுங்கள். ஐந்தாவது மறைமுகச் செலவு. ஸ்பேனர் வாங்கித் திறந்துவிட்டால், நீர் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட்டும் வாங்க வேண்டும். துருப்பிடித்த நட்டு உடைந்தால் அதற்கும் செலவு.

## தண்ணீரை அறிய: டி.டி.எஸ். மீட்டரா, கடினத்தன்மைச் சோதனையா?

பேனா வடிவ டி.டி.எஸ். மீட்டர் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. ஆர்.ஓ. வடிகட்டி விற்க வந்தவர் காட்டிய அதே கருவிதான். அதில் எண் பெரிதாக வந்ததும் "கீசரில் உப்புப் படியும்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறோம். அந்த மீட்டர் அளப்பது தண்ணீரின் மின்கடத்துத் திறனை. அதைக்கொண்டு கரைந்த உப்புகளின் மொத்த அளவை மதிப்பிடுகிறது. கீசரில் கல்லாகப் படிவது அந்த மொத்தமும் அல்ல, முக்கியமாகக் கால்சியம், மெக்னீசியம் கார்பனேட்டுகள். தண்ணீரை மென்மையாக்கும் கருவியான சாஃப்ட்னர் வைத்த வீட்டில் சோதித்தால் இது தெளிவாகத் தெரியும். சாஃப்ட்னருக்கு முன்னும் பின்னும் டி.டி.எஸ். எண் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும், ஏனென்றால் கால்சியத்தின் இடத்தில் சோடியம் வந்திருக்கிறது. படிவு மட்டும் நின்றிருக்கும்.

கால்சியம், மெக்னீசியத்தின் அளவைத்தான் கடினத்தன்மை என்கிறோம். ஆகவே வாங்க வேண்டியது சொட்டு மருந்து விட்டு நிறமாற்றம் பார்க்கும் கடினத்தன்மைச் சோதனைக் குப்பி. மீன் தொட்டிக் கடைகளிலும் இது கிடைக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாக வைக்கிறது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. ஒரு வீடு நாளுக்கு 60 லிட்டர் சுடவைக்கிறது, கடினத்தன்மை 400 என்று கொள்வோம். நாளுக்கு 24 கிராம் சுண்ணச் சத்து தொட்டிக்குள் நுழைந்து வெளியேறுகிறது. அதில் ஒரு பகுதிதான் உள்ளே தங்கும். ஆனாலும் ஓராண்டில் அது எவ்வளவு சேரும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பொருட்கள் வெந்நீரில் அதிகம் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு. சூடு ஏற ஏறப் படிவது அதிகமாகிறது. போர்வெல் வீடுகளில், சூட்டின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை உச்சத்தில் வைத்துக் குளிர்நீர் கலந்து குளிக்கும் பழக்கம் படிவை வேகமாக்கும்.

## காசு செலவில்லாத கருவி: கடிகாரம்

15 லிட்டர் தண்ணீரை 28 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக ஏறத்தாழ 0.56 யூனிட் வேண்டும். 2,000 வாட் காயிலுக்கு அது சுமார் 17 நிமிட வேலை. 25 லிட்டர் என்றால் 28 நிமிடம். புதிய கீசர் மாட்டிய வாரத்தில், காலையில் ஸ்விட்ச் போட்டதிலிருந்து விளக்கு அணையும்வரை எவ்வளவு நேரம் என்று குறித்து, கதவின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை ஒப்பிடுங்கள். நேரம் வெகுவாகக் குறைந்து வெந்நீரும் சீக்கிரம் தீர்ந்தால், தொட்டியின் அடியில் படிவு இடத்தை அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முன்கூட்டியே அணைவதாகவும் இருக்கலாம். நேரம் கூடினால் உடனே உப்பைக் குற்றம் சொல்லாதீர்கள், முதலில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். 230 வோல்ட் 200 ஆக இறங்கினால் 2,000 வாட் காயில் சுமார் 1,500 வாட்தான் தரும். 17 நிமிடம் 22 ஆகிவிடும்.

காயிலில் உப்பு ஏறினால் மின்கட்டணம் எகிறும் என்று பவுடர் விற்பவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. காயில் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருப்பதால், அதில் உண்டாகும் வெப்பம் கடைசியில் தண்ணீருக்குத்தான் போயாக வேண்டும். உண்மையான இழப்பு வேறு. உப்புத் தோலுக்குள் சிக்கிய காயில் தன் அளவுக்கு மேல் சூடாகி, ஒரு நாள் உறை வெடித்துவிடும். அப்போது தண்ணீரில் மின்சாரம் கசியும். உப்பை எடுப்பது கட்டணத்துக்காக இல்லை, இந்தக் கசிவைத் தடுக்கத்தான்.

## மின்சாரத்தைப் பார்க்க: நான்கு கருவிகள்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். மற்றதில் தவறினால் பணம் போகும். இதில் தவறினால் உயிர் போகும்.

| கருவி | எதைச் சொல்லும் | எதைச் சொல்லாது | மறைமுகச் செலவு | யாருக்கு |
|---|---|---|---|---|
| நியான் டெஸ்டர் | ஒரு முனையில் மின்சாரம் இருக்கக்கூடும் என்பதை | எத்தனை வோல்ட், நியூட்ரல் அறுந்ததா, எர்த் இருக்கிறதா | விளக்கு எரியாததை நம்பிக் கைவைக்கும் ஆபத்து | திருப்புளியாக மட்டும் |
| தொடாமல் பார்க்கும் டெஸ்டர் | கம்பியைச் சுற்றி மின்புலம் இருப்பதை | மின்சாரம் முழுதாக நின்றது என்ற உறுதியை | பேட்டரி தீர்ந்தால் மௌனம் | முதல் எச்சரிக்கைக்கு |
| டிஜிட்டல் மல்டிமீட்டர் | வோல்ட், காயிலின் ஓம், தொடர்ச்சி | எர்த் எவ்வளவு மின்னோட்டத்தைத் தாங்கும், நுண்ணிய கசிவு | மலிவு ரகத்தில் பாதுகாப்புக் குறைவு. கற்றுக்கொள்ளும் நேரம் | எல்லா வீட்டுக்கும் |
| மெகர் | 500 வோல்ட்டில் காப்பின் (மின்சாரம் கசியாமல் தடுக்கும் உறையின்) நிலை | வீட்டுப் பயனரிடம் அதிகம் எதையும் | விலை. தவறாக இணைத்தால் மின்னணுப் பலகை கெடும் | எலக்ட்ரீசியனுக்கு |

நியான் டெஸ்டர் உங்கள் உடல் வழியாகப் பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தில் எரிகிறது. உலர்ந்த மர ஸ்டூலின் மேல் ரப்பர் செருப்போடு நின்றால் மங்கலாக எரியலாம். பகல் வெளிச்சத்தில் அந்த மங்கல் கண்ணுக்கே தெரியாது. கீசர் வேலை நடப்பதோ ஸ்டூலின் மேல்தான். இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

மல்டிமீட்டர் வாங்கும்போது அதன் உடலிலும் கம்பிகளிலும் "கேட் 3, 600 வோல்ட்" என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். சுவர் வயரிங்கில் வரும் திடீர் மின்னழுத்த எழுச்சியைத் தாங்கும் வகை அது. மின்சாரம் நின்றுவிட்டது என்று முடிவுசெய்யும் முறைக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மின்சாரம் இருப்பது உறுதியான ஓர் இடத்தில் மீட்டரைச் சோதியுங்கள், பிறகு கீசர் முனையில் வையுங்கள், திரும்பவும் முதல் இடத்தில் சோதியுங்கள். நடுவில் மீட்டரே செத்துப்போயிருந்தால் மூன்றாவது படி காட்டிக்கொடுக்கும்.

காயிலைச் சோதிப்பது எளிது. கீசரின் பிளக்கை உருவி, காயிலுக்கு வரும் கம்பிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைகளுக்கும் இடையே ஓம் பாருங்கள். 2,000 வாட் காயில் 26 ஓம் அருகிலும், 3,000 வாட் காயில் 18 ஓம் அருகிலும் காட்ட வேண்டும். அளவு எதுவும் வராவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. சரியாக வந்தும் தண்ணீர் சூடாகவில்லை என்றால் தெர்மோஸ்டாட்டையோ, அளவுமீறிச் சூடானால் துண்டிக்கும் கட்-அவுட்டையோ சந்தேகிக்கலாம். இவ்வளவு தெரிந்த பிறகு மெக்கானிக்கை அழைத்தால், "மொத்தமாக மாற்ற வேண்டும்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. மல்டிமீட்டரின் விலை அந்த ஒரு வருகையிலேயே திரும்பி வந்துவிடும்.

மல்டிமீட்டருக்கும் எல்லை உண்டு. கீசர் போட்டதும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) விழுகிறது என்றால் காயில் கசிகிறது என்று பொருள்கொள்ளலாம். ஆனால் மல்டிமீட்டரில் காயிலுக்கும் உடலுக்கும் இடையே எதுவும் காட்டாமல் போகலாம். சில வோல்ட் பேட்டரியில் தெரியாத விரிசல் 230 வோல்ட்டில் கசியும். அதைக் காண 500 வோல்ட் செலுத்தும் மெகர் வேண்டும். ஆர்.சி.சி.பி.யை நம்புங்கள், மீட்டரை நம்பி அதைப் புறக்கணிக்காதீர்கள். எர்த்தும் அப்படித்தான். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே மீட்டர் 230 காட்டினாலும் எர்த் நல்லது என்று பொருளில்லை. மீட்டர் மிகக் குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கிறது. பாதி அறுந்த எர்த் கம்பிகூட அதற்குப் போதும். எர்த் சோதனைக்கு எலக்ட்ரீசியனை வரவழையுங்கள்.

30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. உங்கள் வீட்டில் இல்லையென்றால், இந்தக் கட்டுரையில் சொல்லும் எந்தக் கருவியையும் வாங்குவதற்கு முன் அதைப் பொருத்துங்கள்.

வேலை செய்யும்போது ஸ்விட்சை அணைப்பது மட்டும் போதாது. ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் துண்டிக்கும் டி.பி. ஸ்விட்சாக இல்லாமல், ஒற்றைத் துருவ ஸ்விட்சில் ஃபேஸும் நியூட்ரலும் இடம்மாறி இணைக்கப்பட்டிருந்தால், அணைத்த பிறகும் காயிலில் மின்சாரம் இருக்கும். 16 ஆம்பியர் பிளக்கை உருவிவிடுவதே நல்லது.

## கழற்றுவதற்கு: ஸ்க்ரூ ஸ்பேனர், பைப் ரெஞ்ச், பாக்ஸ் ஸ்பேனர்

கீசரில் இரண்டு வகைக் கழற்றல் உண்டு. ஒன்று வெளியே தெரியும் அரை அங்குலக் குழாய் இணைப்பு. மற்றது அடிமூடிக்குள் காயில் தட்டைப் பிடித்திருக்கும் நட்டுகள்.

குழாய் இணைப்புக்கு ஸ்க்ரூ ஸ்பேனர் போதும், இரண்டு இருந்தால் நல்லது. ஒன்றால் வால்வைப் பிடித்துக்கொண்டு மற்றதால் திருகாவிட்டால், திருகும் விசை தொட்டியின் கழுத்துக்குப் போகும். பைப் ரெஞ்ச் இங்கே வேண்டாம். அதன் பற்கள் பித்தளை நட்டின் முலாமைச் சுரண்டிவிடும்; பற்றும் விசை அதிகம் என்பதால் கழுத்திலும் விரிசல் விழலாம். ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்) உள்ள பழைய வீட்டில் குழாயையே பிடிக்க வேண்டிய நிலை வந்தால் மட்டும் அதற்கு இடமுண்டு. டெஃப்லான் டேப் ஒரு சுருள் எப்போதும் இருக்கட்டும்.

காயில் தட்டின் நட்டுகள் பல மாடல்களில் 10 அல்லது 13 மில்லிமீட்டர். இங்கே ஸ்க்ரூ ஸ்பேனர் கூடவே கூடாது. ஆண்டுக்கணக்கில் நீராவியில் இருந்த நட்டின் முனைகளை அது மழுக்கிவிடும், பிறகு எந்தக் கருவிக்கும் பிடி கிடைக்காது. ஆறு முனையையும் ஒருசேரப் பிடிக்கும் பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. நீட்டிப்புக் கம்பியுடன் வரும் சிறிய செட் வாங்கினால் வீட்டில் வேறு வேலைகளுக்கும் பயன்படும். திறப்பதற்கு முந்தைய நாளே துரு தளர்த்தும் எண்ணெய் விட்டுவையுங்கள்.

இதன் மறைமுகச் செலவு கேஸ்கெட். ஒருமுறை நசுங்கிய ரப்பர் வளையம் மறுபடி அதே இடத்தில் சரியாக உட்காராது. உங்கள் மாடலுக்கான புது கேஸ்கெட் கையில் வந்த பிறகுதான் முதல் நட்டைத் தொட வேண்டும். இல்லையென்றால் சொட்டுகிற கீசரோடு ஞாயிற்றுக்கிழமை மாலை நிற்க நேரிடும், கடையும் மூடியிருக்கும்.

தண்ணீரை வடிப்பதில் பலர் தடுமாறுகிறார்கள். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்தால் தொட்டி காலியாகாது. வெளியேறும் குழாய் தொட்டியின் உச்சிவரை போகிறது, ஆகவே உள்ளே இருக்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். சூடு ஆறிய பிறகு, தண்ணீர் உள்ளே வரும் வால்வை அடைத்து, காற்று புகுவதற்கு வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்து, உள்ளே வரும் பக்கத்து இணைப்பைக் கழற்றினால்தான் வடியும். 25 லிட்டர் கீசரில் 25 கிலோ தண்ணீர் தலைக்கு மேல் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். வேலை முடிந்து, வெந்நீர்க் குழாயில் தடையின்றித் தண்ணீர் வரும்வரை பிளக்கைச் சொருகக் கூடாது. காலித் தொட்டியில் காயில் நொடிகளில் வீணாகும்.

## உப்பை எடுக்க: எலுமிச்சை உப்பு, வினிகர், ஆசிட், சுரண்டல்

கடைகளில் எலுமிச்சை உப்பு என்று கிடைக்கும் சிட்ரிக் அமிலம் என் தேர்வு. 100 கிராம் சுண்ணப் படிவைக் கரைக்க ஏறத்தாழ 130 கிராம் போதும். அதே வேலைக்கு 5 சதவீத வினிகர் 2.4 லிட்டர் வேண்டும். வினிகர் இயற்கையானது, மலிவானது என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. அறையில் தங்கும் வாடையும் தனி. மெல்லிய படிவுக்கு, சமையலறையில் மிச்சமிருந்தால், வினிகரைப் பயன்படுத்தலாம். அவ்வளவுதான்.

கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட் வேகமாகக் கரைக்கும். உப்போடு நிற்காது என்பதுதான் சிக்கல். எவர்சில்வர் உறையில் நுண்துளைகளை உண்டாக்கும். அதன் ஆவி மூச்சுக்குக் கெடுதல், பிளீச்சிங் பவுடரோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். எந்தச் சூழலிலும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இணைய வீடியோக்களில் சிட்ரிக் அமிலக் கரைசலை நேரடியாகத் தொட்டிக்குள் ஊற்றச் சொல்கிறார்கள். திறக்கவே வேண்டாம் என்பதால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் பல கீசர்களின் உள்ளே மெக்னீசியத்தாலான ஆனோட் ராடு இருக்கிறது. தொட்டி துருப்பிடிக்காமலிருக்கத் தன்னைக் கரைத்துக்கொள்ளும் உலோகம் அது. அமிலம் உப்பைத் தொடும்போதே அதையும் தின்றுவிடும். உப்பு போயிற்று என்று மகிழும்போது தொட்டியின் காவல் போயிருக்கும். காயில் தட்டை வெளியே எடுத்து, ஆனோடைக் கழற்றிவிட்டு, மின்முனைகள் நனையாதபடி காயிலை மட்டும் பிளாஸ்டிக் வாளியில் ஊறவைக்க வேண்டும். லிட்டர் வெதுவெதுப்பான நீருக்கு 50 கிராம் போதும். கொதிக்கும் நீர் வேண்டாம். கால்சியம் சிட்ரேட் வெண்மையாகப் படிந்துவிடும்.

சுரண்டுவதற்கு மரக்குச்சி, நைலான் தூரிகை. கம்பித் தூரிகையும் திருப்புளியும் எனாமல் பூச்சில் கீறல் போட்டுவிடும், அங்கேயே துரு தொடங்கும்.

திறந்தபோதே ஆனோடைப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்து உள்கம்பி தெரிந்தால் புதிது போடுங்கள். சாஃப்ட்னர் வைத்த வீட்டில் படிவு குறையும், ஆனோட் வேகமாகக் கரையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

## யாருக்கு எது

வாடகை வீடு, மென்மையான தண்ணீர். மல்டிமீட்டர், கடிகாரம் இரண்டும் போதும். ஸ்பேனர் செட் தேவையில்லை. பாதுகாப்பு வால்வில் நெம்புகோல் இருந்தால் மாதம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அதிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று துளையை அடைத்துவிடாதீர்கள், அழுத்தம் வெளியேறும் வழி அது.

போர்வெல் வீடு, உத்தரவாதம் முடிந்துவிட்டது, கைவேலை பழக்கம் உண்டு. முழுச் செட் வாங்கலாம்: கடினத்தன்மைச் சோதனை, மல்டிமீட்டர், பாக்ஸ் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ ஸ்பேனர், சிட்ரிக் அமிலம், கேஸ்கெட், ஆனோட். ஏணியைப் பிடிக்க இன்னொருவர் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஆண்டுதோறும் திறப்பவருக்குத்தான் இந்தச் செலவு நியாயம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை திறப்பவர் மெக்கானிக்குக் கொடுப்பது குறைவாகவே வரும்.

உத்தரவாதக் காலம் நடக்கிறது. அடிமூடியைத் தொடாதீர்கள். வெளியிலிருந்து அளப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடு. ஆண்டு ஒப்பந்தம் நல்லது. ஆனால் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். காயில் தட்டைக் கழற்றிச் சுத்தம் செய்வார்களா, வெளியே துடைத்துவிட்டுப் போவார்களா? கேஸ்கெட், ஆனோட் விலை உள்ளடங்கியதா? மெகர் சோதனை செய்து அளவை எழுதித் தருவார்களா? மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் சொல்பவரை, கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும், தேர்ந்தெடுங்கள்.

அடுக்குமாடி, பிரஷர் பம்ப் இருக்கிறது. கூடுதலாக ஒரு பிரஷர் கேஜ் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம்தான். பம்ப் வந்துவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். கீசரின் பெயர்ப் பலகையில் எழுதியிருக்கும் பார் அளவோடு கேஜ் காட்டுவதை ஒப்பிடுங்கள். நெருங்கினால் கீசருக்கு முன் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்றைப் பிளம்பரிடம் போடச் சொல்லுங்கள்.